வெள்ளிக்கிழமை மஞ்சள்

ஆடி முடிந்து அண்ணி தாய்வீட்டிலிருந்து திரும்பிய அன்று அவரோடு ஒரு நாற்காலியும் வந்தது. சலூன் நாற்காலி. கருஞ்சிவப்பு ரெக்சின் உறை, பக்கவாட்டில் நிக்கல் பூசிய ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் முதுகுப் பகுதி மெல்லப் பின்னால் சாயும். தலை வைக்கும் இடத்தில் ரெக்சின் வெடித்து, உள்ளிருந்த பஞ்சு எட்டிப் பார்த்தது. கோலா குபு பாருவில் கிளம்பி, ராசாவைத் தாண்டி, பத்தாங் பெர்ஜுந்தை வழியாக (இன்று அந்த ஊருக்குப் பெயரே வேறு) எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வரும்வரை அது அண்ணியின் தாய்மாமா ஓட்டிய காய்கறி லோரியில், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்திருக்கிறது. இறக்கும்போது லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். குத்துவிளக்கும் வெண்கலப் பானையும் எதிர்பார்த்து வாசலுக்கு வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அக்காதான் முதலில் வாய் திறந்தார். "மண்டோர் வீட்டு ஆடிச் சீர் வந்துருச்சு. இனிமே முடிவெட்ட டவுனுக்குப் போக வேணாம் லா." தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரான அப்பா நாற்காலியை ஒருமுறை சுற்றி வந்தார். "இத எங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே அது பின்கட்டில் விறகுக்குப் பக்கத்தில், உரச்சாக்குப் போர்த்தப்பட்டு நின்றது.

இது எந்த ஆண்டு என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் இன்றுவரை உடன்பாடில்லை. அண்ணன் 1985 என்கிறான். நான் 1984 என்பேன். என் கணக்குக்குச் சான்று அவன் பெற்ற பிள்ளைதான். மூத்தவன் 1985-ஆம் ஆண்டு நடுவில் பிறந்தவன். கல்யாணமான முதல் ஆடிக்குத்தான் பெண் தாய்வீடு போவாள். ஆகவே அந்த ஆடி, பிள்ளை பிறப்பதற்கு முந்தைய ஆடியாகத்தான் இருக்க முடியும். இதைச் சொன்னால் அண்ணன் சிரித்துவிட்டு, "சரி, நீயே வச்சுக்க" என்பான். ஆண்டுகளை இப்படி யாராவது வைத்துக்கொள்ளாவிட்டால் அவை எங்கே போகும் என்பது என் கவலை. நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் ஓர் ஆண்டுத் தகராறுதான். அது கடைசியில் வரும்.

அண்ணி என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர். அப்போது நான் தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆசிரியை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே எங்களுக்குள் நட்பு உண்டாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் கோலா குபு பாருவில் ஒரு சீனப் பெண்மணியின் அழகு சலூனில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். தலை கழுவுவதில் ஆரம்பித்து, முடி சுருட்டி, பிறகு முகத்துக்கான வேலைகளையும் கற்றிருந்தார். அரசாங்க அலுவலகங்கள் நிறைந்த ஊர் அது. வேலை முடிந்து வரும் பெண்களுக்கு முகம் கழுவி, நீவிவிட்டு, பூச்சுப் போட்டு அனுப்புவதே அண்ணியின் மாலைகளாக இருந்திருக்கிறது. முதலாளியான அந்தத் தவுக்கேயம்மா சலூனுக்குப் புது நாற்காலிகள் வாங்கியபோது, பழையதில் ஒன்றைக் கல்யாணப் பரிசாகத் தந்துவிட்டார். கூடவே ஓர் அட்டைப் பெட்டி நிறைய டப்பாக்களும் புட்டிகளும். எல்லாவற்றிலும் சீன எழுத்து. அண்ணிக்கும் அதைப் படிக்கத் தெரியாது. புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டரைக் கத்தரித்து ஒவ்வொன்றிலும் ஒட்டி, எது முதலில் எது பிறகு என்று எண் போட்டு வைத்திருந்தார். முதல் டப்பாவில் வெள்ளரிக்காய் வாசனையுள்ள வெள்ளை நுரைக் களிம்பு. அடுத்தது கையில் தேய்த்தால் ரவை போல நெறுநெறுக்கும் ஒன்று. பிஸ்கட் டின்னில் களிமண் தூள். கடைசியில் பன்னீர். இரவில் படுக்குமுன் அவர் பெட்டியைத் திறந்து மூடியைத் திருகி முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பசித்தவர்கள் சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பது போல இருக்கும்.

ஏனென்றால் அந்த வேலை அவரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் அம்மாவுக்கு முழங்கால் ஓய்ந்துவிட்டது. பால்வெட்டில் அம்மாவுக்கென்று ஒதுக்கிய மர வரிசைக்கு, அந்த நிரைக்கு, ஆள் வேண்டும். தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்கள் தோட்டத்தில் பேர் பதிய வேண்டும் என்பது அப்பாவுக்கு வேதம். மண்டோர் வேறு, அடுத்த வீட்டுக்குச் சொல்கிற சட்டத்தைத் தன் வீட்டில் தளர்த்த மாட்டார். மாமியார் விட்ட நிரையை மருமகள் எடுப்பது எங்கள் லயத்தில் நடந்துகொண்டே இருக்கிற விஷயம். அதில் யாரும் கொடுமை எதையும் பார்க்கவில்லை. அண்ணியும் பார்க்கவில்லை. அவர் சொன்னது வேறு. "வெட்டு வேலைக்கு நான் பயப்படல. என் கை அதுக்குப் பழகிட்டா அப்புறம் இதுக்கு வராது. உளி பிடிச்ச கை, ஒரு மூஞ்சியத் தொட்டா அவங்களுக்கு நோகும்." இதை அவர் என்னிடம்தான் சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னார். எங்கள் வீட்டில் கோரிக்கைகள் போகும் வழி அதுதான்.

பதில் அதே வழியில் திரும்பி வரவில்லை. அப்பா நேராக அடுப்படிக்கே வந்துவிட்டார். "டவுன்ல சம்பளத்துக்கு இருக்கிற பொம்பளைங்க செஞ்சிக்குவாங்க. இங்க விடியக்காலம் எந்திரிச்சுக் காட்டுக்குப் போறவங்களுக்கு இதெல்லாம் எதுக்குத் தாயி?" என்றார். குரலில் கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலத்தான் கேட்டார். அண்ணி சொன்னார்: "ஒரு சாயங்காலம் விடுங்க மாமா. செஞ்சு காட்டுறேன்." அப்பா யோசித்தார். "வேடிக்கை பார்க்க ஒரு தரம் எல்லாரும் வருவாங்க. மறுபடியும் வாறோம்னு அவங்களா தன் வாயால சொல்லணும். சொன்னா நான் ஒண்ணும் பேசமாட்டேன். சொல்லலைன்னா திங்கக்கிழமை பெரட்டுக்குப் போ." விடியுமுன் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. திங்கட்கிழமைப் பெரட்டில் அண்ணியின் பேர் முதல்முறையாகக் கூப்பிடப்படும் என்று அப்பா ஏற்கெனவே தனக்கு மேலே இருந்த தோட்டக் கண்டக்டரிடம் சொல்லி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தது அண்ணி. நல்ல காரியத்தை நல்ல நாளில் தொடங்க வேண்டும் என்ற எண்ணம்தான், வேறொன்றுமில்லை. உரச்சாக்கு விலகியது. நாற்காலியை நானும் அண்ணியும் முன்னறைக்கு நகர்த்திக்கொண்டு வந்தோம். வெடித்த ரெக்சினை மறைக்க, என் பழைய பாவாடையில் ஓர் உறை தைத்தோம். கைப்பிடிக்குத் தேங்காயெண்ணெய் விட்டோம். குடிக்கக் கொடுப்பதற்கு வேலியோரம் காய்த்துக் கிடந்த கஸ்தூரி எலுமிச்சையைக் கூடை நிறையப் பறித்து வைத்தோம். வீடுவீடாகப் போய்க் கூப்பிட்டவள் நான். கிராணியம்மாவை முதலில் கூப்பிட வேண்டும். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாரின் மனைவி வராத வீட்டு விசேஷத்துக்கு எங்கள் தோட்டத்தில் மற்றவர்கள் வந்து தலைகாட்டிவிட்டு உடனே போய்விடுவார்கள். அவர் கைக்கடிகாரத்தைச் சரி செய்தபடியே கேட்டார்: "மூஞ்சி கழுவிவிடுறாங்களாமே, எதுக்கு? எனக்கு என்ன கையில்லையா?" ஆனாலும் வருகிறேன் என்றார். எதிர்வீட்டு அக்கா, "எனக்கு இருக்கிற மூஞ்சிக்கு அவ ரெண்டு நாள் உட்கார்ந்து கழுவணும்" என்றார். அவரும் வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வாசனை. பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் கொசுவுக்காகச் சுருளைக் கொளுத்தி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். எத்தனை முறை குளித்தாலும் அந்தப் புகை வாசனை முடியை விட்டுப் போகாது. அதன்மேல் மல்லிகை. அதன்மேல் சந்தன சோப்பு. எல்லாவற்றுக்கும் மேல், ஈரம் காயாத பச்சை மஞ்சள். வெள்ளிக்கிழமை அல்லவா? அதுவும் ஒரு புது மருமகள் முதன்முதலாகத் தொழில் தொடங்குகிற வெள்ளிக்கிழமை. மரியாதை தெரிந்தவர்கள் ஆகையால் ஒவ்வொருவரும் மஞ்சளை அம்மியில் இழைத்து, நெற்றியிலிருந்து கழுத்துவரை அப்பிக் குளித்து, பளபளவென்று பொன் முலாம் பூசிய மாதிரி வந்திருந்தார்கள். அண்ணி மஞ்சள் பூசுவதில்லை. சலூனில் ஏற்பட்ட பழக்கம். மருமகளைப் பற்றி எங்கள் அம்மாவுக்கு இருந்த ஒரே குறை அதுதான். சலூனுக்கு வந்த சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும், அலுவலகத்திலிருந்து நேராக வந்த தமிழ்ப் பெண்களும் மஞ்சளோடு வந்ததில்லை. ஆகவே பின்னால் நடந்ததை அவர் எதிர்பார்த்திருக்க வழியே இல்லை.

நாற்காலியில் முதலில் உட்கார வேண்டியவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கிராணியம்மா தன் துண்டைத் தானே கொண்டுவந்திருந்தார். விறைப்பாக, பஸ்ஸில் உட்காருவது போல உட்கார்ந்தார். அண்ணி கைப்பிடியை இழுத்ததும் நாற்காலி சாய்ந்தது. அவர் ஓரங்களை இறுகப் பிடித்துக்கொண்டார். "விழ மாட்டீங்கம்மா. கைய விடுங்க." வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அண்ணி முகத்தின்மேல் போர்த்தி, இரண்டு கைகளாலும் மெல்ல அழுத்தினார். அப்போது நான் கவனித்த ஒன்றை இத்தனை வருடங்களில் பல முறை யோசித்திருக்கிறேன். கிராணியம்மாவின் கால்விரல்கள் முதலில் தளர்ந்தன. பிறகு கைவிரல்கள். பிறகு நாற்காலியின் ஓரத்திலிருந்து கைகள் தாமாகவே மடிக்கு வந்தன. அறையில் பேச்சுக் குறைந்தது. அங்கிருந்த பெண்களின் முகத்தை மற்றொருவர் கை கடைசியாகத் தொட்டது எப்போது? கல்யாணத்துக்கு முன்னால் நலங்கு வைத்தபோதாக இருக்கும். அதற்குப் பிறகு அந்த முகங்கள் வெயிலுக்கும் புகைக்கும் கொசுவுக்கும் உரியவை. பிள்ளைகள் கூடக் கழுத்தைத்தான் கட்டிக்கொள்ளும். அப்பா கேட்ட 'எதுக்குத் தாயி' என்ற கேள்விக்கான பதில், யாரும் வாயால் சொல்லாமலே அந்த அறையில் இருந்தது. துணியை எடுத்தபோது அது மஞ்சளாக இருந்தது. அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எண் ஒன்று என்று ஒட்டியிருந்த டப்பாவைத் திறந்தார். வெள்ளைக் களிம்பை உள்ளங்கையில் எடுத்து, தண்ணீர் சேர்த்து, நுரை பொங்கும்வரை குழைத்தார். கிராணியம்மாவின் கன்னங்களில் வைத்து வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார். வெள்ளை நுரை முதலில் வாழைப்பழ நிறமாயிற்று. இரண்டாவது சுற்றில் செங்கல் நிறம். மூன்றாவது சுற்றில், அண்ணியின் விரல்களுக்கு இடையிலிருந்து இரத்தம் கசிவது போல நுரை சிவந்து, கன்னத்தில் வழிந்து, தோளில் போட்டிருந்த வெள்ளைத் துண்டில் சொட்டியது.

அண்ணியின் கை நின்றது. வாசல் பக்கம் இருந்த இரண்டு பெண்கள் எழுந்துவிட்டார்கள். யாரோ ஒருவர் மெல்லிய குரலில், "தோல் உரிஞ்சிருச்சு" என்றார். திங்கட்கிழமை, பெரட்டு, அம்மாவின் நிரை எல்லாம் எனக்கு அந்த ஒரு நிமிடத்திலேயே வந்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தவர் கிராணியம்மா ஒருவர்தான்.

"ஏன் எல்லாரும் பேச்ச நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார்.

கையை நீட்டி, "கண்ணாடியக் கொடு" என்றார். நான் கண்ணாடியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அண்ணி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு என் கையிலிருந்து தாமே வாங்கி, கிராணியம்மாவிடம் நேராக நீட்டினார். கொடுத்துவிட்டு, டாக்டர் கேட்பது போல நிதானமாகக் கேட்டார்.

"எரியுதாம்மா?"

"இல்ல."

"காந்துதா?"

"இல்லங்கிறேன்ல."

"அப்ப பயப்படாதீங்க. இது ரத்தமில்ல. மஞ்சச் சேலையில சோப்பு பட்டா சிவக்கும்ல, அதான்."

அறை முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது. ஆற்றங்கரைக் கல்லிலும் குழாயடியிலும் வாரம் தவறாமல் துணி துவைப்பவர்கள் அத்தனை பேரும். மஞ்சள் பட்ட ரவிக்கை சோப்பில் சிவப்பதைப் பார்க்காத பெண் அங்கே இல்லை. துணியில் பார்த்ததை முகத்தில் பார்த்ததும் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் தெரிந்துவிட்டது என்பதால் கிராணியம்மாவின் முகம் வெளுத்துவிடுமா? அது இன்னும் காளி கோயில் முகம் போலத்தான் இருந்தது. அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி திரும்பிப் பார்த்தார். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் குடிக்க வைத்திருந்த எலுமிச்சைக் கூடை. துவைக்கும்போது அந்தச் சிவப்பை எடுக்க எல்லார் வீட்டிலும் செய்வதைத்தான் செய்தார். நாலைந்து காய்களை நறுக்கிக் கிண்ணத்து நீரில் பிழிந்து, பஞ்சை அதில் தோய்த்து, நெற்றியின் நடுவிலிருந்து இடது கன்னத்தில் இழுத்தார். பஞ்சு போன பாதையில் சிவப்பு மறைந்து மஞ்சள் வந்தது. இன்னொரு இழுப்பில் மஞ்சளும் போய், தோலின் சொந்த நிறம் தெரிந்தது. இப்போது கிராணியம்மாவுக்கு இடப்பக்கம் ஒரு முகமும் வலப்பக்கம் ஒரு முகமும் இருந்தன.

அவர் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினார். வலது பக்கம். இடது பக்கம். மறுபடி வலது. பிறகு, "என் கல்யாணத்துல ஆலாத்தி சுத்தினாங்களே, அந்தத் தண்ணிகூட இவ்வளவு செவப்பா இல்ல" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை. வயிறு குலுங்க, நாற்காலியின் கைப்பிடி தடதடக்கச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த அறையை அடக்க யாராலும் முடியவில்லை. "எனக்கும் செவப்பாக்கிக் காட்டு" என்று எதிர்வீட்டு அக்கா நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். "தள்ளுங்கக்கா, நான்தான் அடுத்து." "உனக்கென்ன அவசரம், நீ ஏற்கெனவே செவப்புதான?" அண்ணியின் கை நாற்காலிக்கும் கிண்ணத்துக்கும் இடையே ஓயாமல் போய் வந்தது. ஒவ்வொருவராகச் சிவந்தார்கள், ஒவ்வொருவராகத் தெளிந்தார்கள். தெளிந்த முகத்தில் ரவைக் களிம்பு, பிறகு களிமண் பூச்சு. எதிர்வீட்டு அக்காவின் கன்னத்தில் கொசு கடித்து ஆறிய பழைய தழும்புகள் நிறைய உண்டு. அண்ணி அந்த இடங்களில் மட்டும் விரலை இன்னும் மெதுவாக ஓட்டினார். ஊர்க்கதையெல்லாம் பேசுகிற அந்த அக்கா அப்போது கண்ணை மூடிக்கொண்டார். களிமண் பூச்சுக்கு முன் எழுந்து உட்கார்ந்து தன் கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "என் மூஞ்சியா இது, பிள்ளைங்களோட மூஞ்சி மாதிரி இருக்கு" என்று மெல்லச் சொன்னார்.

இருட்டுவதற்குச் சற்று முன்னால், கோயில் கமிட்டிக் கூட்டம் முடிந்து அப்பா வந்தார். வாசற்படியில் ஒரு காலை வைத்தவர் மறு காலை வைக்கவில்லை. அவருக்கு எதிரே ஒரு வரிசை முகங்கள்: களிமண் பூசி வெள்ளையாகச் சில, நுரையோடு சிவப்பாகச் சில, முறைக்குக் காத்திருந்த மஞ்சள் முகங்கள் மீதி. அவர் அதட்டி வேலை வாங்கும் பெண்கள்தான் அத்தனை பேரும். ஒருவரையும் அவரால் அடையாளம் காண முடியவில்லை.

"வாங்க மண்டோரே" என்றது ஒரு வெள்ளை முகம். குரலை வைத்து அது எதிர்வீட்டு அக்கா என்று தெரிந்தது. "உங்களுக்கும் ஒரு இடம் வச்சிருக்கோம்."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "என்ன கூத்து இது?"

பதில் சொன்னவர் கிராணியம்மா. அவர் பன்னீர் தெளித்து, பொட்டு வைத்து, நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியில் அமர்ந்து எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். "மண்டோர், உங்க மருமகட்ட சொல்லிட்டேன். அடுத்த வெள்ளியும் முதல் ஆள் நான்தான். இவங்கெல்லாம் எனக்கு அப்புறந்தான்." உடனே வரிசையில் சண்டை மூண்டது. யாருக்கு அப்புறம் யார் என்று அவர்கள் இரைந்து முறை பேசியதைக் கேட்டுக்கொண்டே அப்பா வெகுநேரம் நின்றார். தன் வாயால் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். இத்தனை வாயால் சொல்வார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரை ஒட்டி நடந்து, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

சனியும் ஞாயிறும்கூட அவர் ஒன்றும் பேசவில்லை. அதனால் திங்கட்கிழமை விடியுமுன் அண்ணி, அம்மாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பேர் கண்டக்டரிடம் போய்விட்டது, மாமனார் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லாதவரை சொன்ன சொல் சொன்னதுதானே என்றார். எனக்கு மனம் கேட்காமல் நானும் கூடப் போனேன். பெரட்டுக் களத்தில் விளக்கு வெளிச்சத்தில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். கண்டக்டர் பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்து, அம்மாவின் நிரைக்கு வந்ததும் அண்ணியின் பேரைச் சொன்னார். அண்ணி வாய் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அந்தப் பேர எடுத்துருங்கய்யா. அந்த நிரைக்கு வேற ஆள் பாத்துட்டேன். என் மருமகளுக்கு வேற வேலை இருக்கு." கண்டக்டர் நிமிர்ந்து, "என்ன வேலை மண்டோர்?" என்றார். அதற்கு என்ன பெயர் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பின்வரிசைப் பெண்களில் ஒருவர் எடுத்துக்கொடுத்தார். "எங்க வேலைதான் சார்." களமே சிரித்தது. அப்பாவும் சிரித்ததை நான் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் மஞ்சள் பூசாமல் வர வேண்டும் என்று அண்ணி சொல்லியனுப்பினார். ஒருவரும் கேட்கவில்லை. முந்திய வாரத்தைவிடக் கனமாக அப்பிக்கொண்டு வந்தார்கள். சிவக்கவில்லை என்றால் எதற்கு வருவது என்பது அவர்கள் கட்சி. அண்ணி சிரித்துக்கொண்டே தோற்றுப்போனார். அந்த ஆண்டு முடிவதற்குள் எங்கள் தோட்டத்தில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்தத்துக்கு முந்தின மாலை அதைச் செய்துவிட்டார்கள். தோழிகள் சுற்றி உட்கார, மஞ்சள் பூசி, நுரையில் சிவக்க வைத்து, எலுமிச்சையால் துடைத்துத் தெளிய வைப்பது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அண்ணியைக் கூப்பிட லோரிகளும் மோட்டார் சைக்கிள்களும் வரத் தொடங்கின. பாசிர் பெனம்பாங்கில் மீன் வியாபாரம் செய்த ஒரு தமிழ்க் குடும்பம் படகு வைத்து ஆற்றைக் கடந்து அவரை அழைத்துப் போனது. ராசாவுக்குப் போனார். கோலா குபு பாருவுக்கே போய், பழைய தவுக்கேயம்மாவின் சலூனுக்கு எதிரில் ஒரு மணப்பெண்ணைச் சிவக்க வைத்துவிட்டு வந்தார். எண்பதுகள் முடிவதற்குள் கோலா சிலாங்கூர் டவுனில் அவருக்குச் சொந்தமாக ஒரு கடை இருந்தது. திறந்து வைத்தவர் கிராணியம்மா; முதல் ஆள் தான்தான் என்பதில் கடைசிவரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

சென்ற ஆண்டு கோலா சிலாங்கூரில் ஒரு திருமண மண்டபம். முகூர்த்தத்துக்கு முந்தின மாலை. அண்ணிக்கு இப்போது முடி நரைத்துவிட்டது. அவரிடம் வேலை பழகியவர்கள் பழக்கிவிட்ட பெண்கள் மணப்பெண்ணைச் சுற்றி நின்றார்கள். நாங்கள் இருவரும் முன்வரிசையில் விருந்தாளிகளாக உட்கார்ந்திருந்தோம். நிகழ்ச்சியை நடத்திய பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "ஓகே கைஸ், இப்ப நாம பாக்கப் போறது செவப்பு நலங்கு" என்றாள். "இது சும்மா ஃபேஷன் இல்ல ஆ. நம்ம முன்னோர்கள் கப்பல்ல வந்தப்ப கூடவே கொண்டு வந்த டிரெடிஷன். ஆயிரம் வருஷமா இருக்கு. சிவப்பு வந்து திருஷ்டி, எலுமிச்சை வந்து அத எடுக்குது. ரொம்ப டீப்பான மீனிங் லா." கூட்டம் கைதட்டியது. வயதானவர்கள்கூட ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆயிரம் வருடமாம். ஆண்டு தெரியும், மாதம் தெரியும், வெள்ளிக்கிழமை என்று கிழமை தெரியும், அறை தெரியும், அந்த முதல் முகம் யாருடையது என்று தெரியும். தப்பாக நடந்த ஒன்று என்பதும் தெரியும். ஒலிபெருக்கியை வாங்கி இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். இத்தனை வருடம் முகம் முகமாகத் தொட்டு மெத்தென்று ஆன கை. பிடித்ததே தெரியவில்லை, ஆனால் என்னால் நகர முடியவில்லை.

"உட்காரு புள்ள."

"அவ தப்பாச் சொல்றா அண்ணி. முன்னோர் கொண்டு வந்ததாம்."

அண்ணி மேடையைப் பார்த்தபடியே இருந்தார். அங்கே மணப்பெண்ணின் கன்னத்தில் வெள்ளை நுரை மெல்லச் சிவக்கத் தொடங்கியிருந்தது, தோழிகள் கூவினார்கள்.

"சரியாத்தான் சொல்றா" என்றார். "நாமதான் முன்னோர். உட்காரு, பாப்போம்."